ஏழாம் எண் அஞ்சலட்டை

போன மாதம் என் பழைய அலுவலகத்தில் இப்போது வேலை பார்க்கும் இரண்டு பேர் ஒரு சுற்றறிக்கையோடு வந்தார்கள். அலுவலகத்தில் எழுதப்படும் எந்தக் கணிப்பொறி நிரலும், அது நான்கே வரிகள் கொண்ட மாதிரியாக இருந்தாலும், மூன்று கையெழுத்து இல்லாமல் வெளியே போகக் கூடாது என்பது அதன் சாரம். உங்கள் காலத்தில் எப்படி என்று கேட்டார்கள். இதே சுற்றறிக்கை எனக்கும் வந்தது, ஆனால் என் ஒருத்திக்கு மட்டும் வந்தது என்றேன். எழுதித் தாருங்கள் என்றார்கள். எழுதுகிறேன். அன்று ஆண்டுக்கு ஒன்றாகப் போட்டுவைத்த குறிப்பேடுகள் அத்தனையும் இன்னும் என் பெட்டியில் இருக்கின்றன. ஆகவே நினைவை நம்பி எழுதுகிறேன் என்று யாரும் எண்ண வேண்டாம்.

1956-இல் வேலைக்குச் சேர்ந்தேன். கொடைக்கானலில், ஏரியிலிருந்து மேட்டில் ஏறிப் போனால் வரும் ஓட்டுக் கட்டடம். மலையிலும் அடிவாரத்திலும் பெய்கிற மழையையும் ஓடைகளில் ஓடுகிற தண்ணீரையும் கணக்கிடுவது எங்கள் வேலை. நான் பழனிக்காரி. அப்பாவுக்குப் பாதயாத்திரைக்காரர்கள் தங்கும் சத்திரத்தில் நிர்வாகம். மதுரையில் கணிதம் படித்தேன். பயிற்சி என்று ஆறு மாதம் வைத்தார்கள். கைப்பிடியைச் சுற்றிப் பெருக்கும் இயந்திரத்தில் விரல் காய்த்ததைத் தவிர அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

என் பதவியின் பெயர் கம்ப்யூட்டர். நியமன உத்தரவிலேயே அப்படித்தான் இருந்தது. கணக்குப் போடுகிற ஆளுக்கு அன்று அதுதான் பெயர். 1964-இல் சென்னையில் ஒரு கல்லூரிக்குக் கணிப்பொறி வந்தது என்று கேள்விப்பட்டதும், எனக்கு எதிர் மேசையில் உட்காரும் குப்புராசு சொன்னான்: "யக்கா, நம்ம பேர வச்சுக்கிட்டு மெட்ராஸ்ல ஒண்ணு வந்து எறங்கிருக்காம்ல. அதுக்கும் பிள்ளைகுட்டி உண்டான்னு கேட்டுச் சொல்லுங்க." அவன் பூம்பாறைப் பக்கத்துப் பூண்டுக்காரர் வீட்டுப் பிள்ளை. என்னைவிட இரண்டு வயது இளையவன். வாயைத் திறந்தால் ஏதாவது ஒரு குத்தல் இருக்கும்.

எங்கள் கண்காணிப்பாளரைச் சூப்பிரண்டு என்போம். அவரைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நடந்ததெல்லாம் அவருடைய சுபாவத்தினால் நடந்தது. கெட்டவர் அல்ல. குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. அவருக்கு இரண்டு பக்கமும் ஒத்துப்போக வேண்டும், அவ்வளவுதான். பாச்சலூரிலிருந்து வந்த மழை அளவுத் தாள்கள் இத்தனை, பதிவேட்டில் ஏறியவை இத்தனை. இரண்டும் ஒன்றானால் பச்சை மையில் ஒரு கோடு இழுத்து, நாடாவைக் கட்டி, கோப்பை அலமாரியின் மேல்தட்டில் வைப்பார். ஒன்று குறைந்தாலும் கோப்பு மேசையை விட்டு நகராது. ஒவ்வொரு கணக்கையும் இரண்டு பேர் தனித்தனியே போட்டு, ஒருவர் வாய்விட்டுப் படிக்க மற்றவர் சரிபார்க்க வேண்டும் என்று வைத்திருந்தார். நானும் குப்புராசும் அப்படிப் படித்த எண்களை வரிசையாக வைத்தால் பெருமாள்மலை வரைக்கும் போகும்.

கணிப்பொறி வந்ததும் கடினமான கணக்குகளைச் சென்னைக்கு அனுப்பச் சொல்லி மேலிடத்து உத்தரவு வந்தது. அந்த இயந்திரத்துக்கென்று, செய்தவர்களே உண்டாக்கிய ஒரு மொழி. வேறு எந்த இயந்திரத்துக்கும் அது புரியாது. நாட்டில் அதை எழுதத் தெரிந்தவர்கள் சொற்பம். எங்களுக்கு வந்தது ஒரு தடித்த ஆங்கிலப் புத்தகம். அதில் முதல் எடுத்துக்காட்டே நான்கு பக்கம் ஓடும். அதைப் படித்து முடிப்பதற்குள் கற்றுக்கொள்ள வந்தவனுக்கு ஊர் நினைப்பு வந்துவிடும்.

நடைமுறை இதுதான். கட்டம் போட்ட தாளில் நிரலைப் பென்சிலால் எழுத வேண்டும். குப்புராசு எழுத்தெழுத்தாகப் படிக்க நான் சரிபார்ப்பேன். உறையில் போட்டு அரக்கு வைத்து, பஸ்ஸில் கொடைரோட்டுக்கு இறக்கி, ரயிலில் ஏற்ற வேண்டும். சென்னையில் அதைக் காகித நாடாவில் துளைபோட்டு, எங்கள் முறை வரும்போது இயந்திரத்தில் ஓட்டுவார்கள். விடை மலையேறி வரப் பன்னிரண்டு நாள் ஆகும். சரியாக வந்தால் விடை. இல்லையென்றால் "மூன்றாவது வரியில் பிழை" என்ற ஒற்றை வரி. அதைத் திருத்தி அனுப்பினால் இன்னொரு பன்னிரண்டு நாள்.

நாங்கள் அனுப்பிய முதல் நிரல் ஓர் ஓடையின் வரத்தையும் ஒரு குளத்தின் கொள்ளளவையும் ஒப்பிடுவது. பன்னிரண்டாம் நாள் வந்த விடைப்படி, குளத்தில் ஒரு குடம் தண்ணீர்கூடப் பிடிக்காது. நிரலில் பிழையே இல்லை. நான்கு நாள் தேடினோம். கொள்ளளவை நான் 1,25,400 என்று எழுதியிருந்தேன். நம் வழக்கப்படி லட்சத்துக்கு ஒரு காற்புள்ளி, ஆயிரத்துக்கு ஒரு காற்புள்ளி. அந்த மொழியில் காற்புள்ளி என்றால் ஓர் எண் முடிந்தது என்று பொருள். இயந்திரம் ஒன்று, இருபத்தைந்து, நானூறு என்று மூன்று எண்களாகப் படித்து, முதலாவதைக் குளமாக வைத்துக்கொண்டது. சூப்பிரண்டு தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "எழுத்து அழகாத்தான்மா இருக்கு" என்றார்.

அன்று ஒரு முடிவுக்கு வந்தேன். நான் இழந்த பன்னிரண்டு நாளை அடுத்த ஆள் இழக்கக் கூடாது. சென்னையில் இயந்திரத்தை ஓட்டுகிறவர்களிடம் கேட்டு, இந்த மொழியில் தட்டுத்தடுமாறிக்கொண்டிருப்பவர்களின் முகவரிகளை வாங்கினேன். மதுரையில் ஒரு விரிவுரையாளர், கோயம்புத்தூரில் ஒரு பஞ்சாலைப் புள்ளிவிவரக்காரர், சென்னையிலேயே சிலர். இவர்களோடு, பழனியில் என்னோடு படித்து அங்கேயே உயர்நிலைப் பள்ளியில் கணக்கு வாத்தியாரான ஒருவர். அவரிடம் இயந்திரம் கிடையாது, அதைப் பார்த்ததும் கிடையாது. ஆனாலும் வேண்டும் என்றார். ஆக மொத்தம் பதினொரு பேர். எல்லோருக்கும் அஞ்சலட்டையில் எழுதினேன்.

அட்டைக்கு நானே சில விதிகள் வைத்துக்கொண்டேன். நிரல் ஓர் அட்டைக்குள் அடங்க வேண்டும், அடங்காவிட்டால் அது எடுத்துக்காட்டு இல்லை. ஓர் அட்டை ஒரே ஒரு விஷயத்தைத்தான் சொல்ல வேண்டும். சென்னையில் உண்மையாகவே ஓடி விடை வந்ததைத்தான் அனுப்ப வேண்டும். முகவரிப் பக்கத்தின் இடது பாதியில் அந்த விடை இருக்க வேண்டும், ஓட்டிப் பார்க்கிறவர் ஒப்பிட்டுக்கொள்ள. முதல் அட்டை காற்புள்ளியைப் பற்றியது. இரண்டாவது, மூன்று எண்களில் பெரியதைக் கண்டுபிடிப்பது. மூன்றாவது சராசரி. எல்லா அட்டைகளையும் என் வீட்டில், என் மையில், நானே வாங்கிய அட்டையில் எழுதினேன். போட்ட நாளையும் பெறுநர் பெயரையும் குறிப்பேட்டில் பதிந்தேன். சூப்பிரண்டுக்கு இது தெரியும். முதல் அட்டையை அவரிடமே காட்டினேன். "நல்ல காரியம்மா" என்று சொன்னதும் குறிப்பேட்டில் இருக்கிறது, கிழமையோடு.

ஏழாவது அட்டை, ஒரு தேதியைச் சொன்னால் கிழமையைச் சொல்வது. எனக்குத் தேதியும் கிழமையும் சின்ன வயதிலிருந்தே பைத்தியம். இயந்திரத்தின் மொழியில் அது சில எழுத்துகளும் எண்களும் அம்புக்குறிகளுமாக இருக்கும். தமிழில் சொன்னால் இவ்வளவுதான். ஆயிரத்துத் தொள்ளாயிரத்துச் சொச்சத்தில் எந்த ஆண்டானாலும், அதன் கடைசி இரண்டு இலக்கங்களை எடு. அதில் கால்பங்கை, மிச்சத்தை விட்டுவிட்டு, அதனோடு கூட்டு. மாதத்துக்குரிய எண்ணைக் கூட்டு. தேதியைக் கூட்டு. ஏழு ஏழாகக் கழித்துக்கொண்டே போ, ஏழுக்குக் குறைந்ததும் நில். ஒன்று வந்தால் ஞாயிறு, இரண்டு திங்கள், இப்படியே போய் ஒன்றுமில்லை என்றால் சனி. மாதத்துக்குரிய எண்கள் பன்னிரண்டும் அட்டையின் ஓரத்தில், வேறு விளக்கம் எதுவுமின்றி, ஒரே வரிசையில்: 1 4 4 0 2 5 0 3 6 1 4 6.

இந்த அட்டையை நான் தபாலில் போட்டது 1965 செப்டம்பரில். எல்லையில் போர் நடந்துகொண்டிருந்த மாதம். அந்த வரிசையைப் பார்த்த யாரோ ஒரு தபால்காரருக்கு என்ன தோன்றியிருக்கும் என்று எனக்கு அப்போது உறைக்கவில்லை. அடுத்த வாரம், வியாழக்கிழமை முற்பகலில், சூப்பிரண்டு என்னை அறைக்குள் கூப்பிட்டார். ஒரு சப்-இன்ஸ்பெக்டர் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மேசைமேல் கோயம்புத்தூருக்கு நான் போட்ட அட்டை.

சூப்பிரண்டு என்னைப் பார்க்கவில்லை. அட்டைக்கும் அலுவலகத்துக்கும் தொடர்பில்லை, அது அந்த அம்மாவின் சொந்த அஞ்சல் என்று சொல்லி முடித்திருந்தார். அதுவும் உண்மைதான். ஆனால் "நல்ல காரியம்" என்று சொன்னதும் உண்மைதானே. அதை அவர் சொல்லவில்லை.

சப்-இன்ஸ்பெக்டர் மரியாதையாகவே பேசினார். "இது என்ன பாஷைங்க?"

கிழமை கண்டுபிடிக்கிற கணக்கு என்றேன்.

"கெழம பாக்க காலண்டர் இருக்குல்ல? அதுக்கு எதுக்கு இம்புட்டு நம்பரு, அம்புக்குறி?"

விளக்கினால் நம்ப மாட்டார் என்று தெரிந்தது. கணிப்பொறி என்ற சொல்லையே அவர் கேள்விப்பட்டிருக்கவில்லை. வேலை போய்விடும் என்ற பயம் எனக்கு இருந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். அந்த மாதத்தில் வேலையோடு நின்றிருக்காது. ஆனால் அதைவிட அதிகமாகக் கோபம் இருந்தது. யாருக்கும் புரிய வேண்டும் என்று எழுதியதை இரகசியம் என்கிறார்களே.

"நீங்களே ஓட்டிப் பாருங்க சார்" என்றேன். "உங்க பிறந்த தேதியச் சொல்லுங்க."

அவர் சூப்பிரண்டைப் பார்த்தார். பிறகு சொன்னார்: 1921, செப்டம்பர் 13. ஒரு தாளும் பென்சிலும் அவர் முன்னால் வைத்தேன். நான் பென்சிலைத் தொடவில்லை, வரியை மட்டும் படித்தேன். இருபத்தொன்று எழுதினார். கால்பங்கு ஐந்து, கூட்டி இருபத்தாறு. ஒன்பதாவது மாதத்துக்கு ஓரத்தில் எண்ணிப் பார்த்து ஆறு, முப்பத்திரண்டு. பதிமூன்றைக் கூட்டி நாற்பத்தைந்து. ஏழு ஏழாகக் கழித்து ஒவ்வொன்றாக எழுதினார்: 38, 31, 24, 17, 10, 3. நிறுத்தினார்.

"மூணு. செவ்வாக்கெழம."

"ஆமா சார்."

பென்சிலைக் கீழே வைத்தார். முகம் மாறிவிட்டது. "நான் திங்கக்கெழம பொறந்தவன்ங்க. சாதகத்துல அப்படித்தான் கெடக்கு. அப்ப இது கெழம பாக்குற கணக்கு இல்ல. இது வேற என்னமோ."

சூப்பிரண்டு நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டார். நான் மனத்துக்குள் மறுபடி ஒருமுறை கூட்டிப் பார்த்தேன். கணக்கு சரி. சென்னையில் ஓடிய நிரல். அப்புறம்தான் தோன்றியது.

"தேதி எதுல இருந்து சொன்னீங்க சார்? சாதகத்துல இங்கிலீஷ் தேதி இருக்காதே."

"ஆஸ்பத்திரிச் சீட்டுல இருந்து."

"எத்தன மணிக்குப் பொறந்தீங்க?"

"வெள்ளனே. விடியக்கூட இல்லைன்னு அம்மா சொல்லும். சாதகத்துல ஐம்பத்தஞ்சு நாழிகைன்னு போட்டிருக்கு."

ஒரு நாளுக்கு அறுபது நாழிகை, சூரியன் உதிப்பதிலிருந்து எண்ண வேண்டும். ஐம்பத்தைந்து என்றால் இருபத்திரண்டு மணி நேரம், அதாவது விடிகாலை நாலு மணி. ஆஸ்பத்திரிக்கு நாள் நள்ளிரவிலேயே மாறிவிட்டது, அது செவ்வாய். சாதகம் எழுதியவருக்குச் சூரியன் இன்னும் எழவில்லை, அது திங்கள். இரண்டும் சரி. பஞ்சாங்கத்தைப் படித்துவிட்டுத்தான் காப்பி குடிக்கிற வீட்டில் பிறந்து வளர்ந்த நான், நாள் எப்போது தொடங்குகிறது என்ற ஒரு வரியை அட்டையில் எழுதாமல் விட்டிருந்தேன். அது என் பிழை. அதை அவரிடமே சொன்னேன்.

அவர் கொஞ்ச நேரம் விரலை மடக்கி எண்ணினார். பிறகு இன்னொரு தாள் கேட்டார். மூத்த மகளின் தேதியை ஓட்டினார், அடுத்து மகனுடையதை. இரண்டும் ஒத்துப்போயின. மூன்றாவதாகத் தன் கல்யாண நாளை ஓட்டிவிட்டுச் சிரித்தார். "இது வேவுக்காரன் வேலைன்னு எழுதினா என்னையத்தான் சிரிப்பாங்க" என்று அட்டையை எடுத்துச் சட்டைப் பையில் வைத்தார். விசாரணை முடிந்ததும் அலுவலகத்துக்கே திருப்பி அனுப்புவதாகச் சொல்லிவிட்டு, பெருமாள்மலை பஸ்ஸைப் பிடிக்க வெரசாப் போய்விட்டார்.

இதோடு முடிந்திருக்க வேண்டும். முடியாததற்குக் காரணம் சூப்பிரண்டின் அலமாரி. போலீஸ் வந்ததால் ஒரு கோப்பு திறக்கப்பட்டுவிட்டது. திறந்ததை மூட வேண்டும். மறுநாள் காலை இரண்டு தாள்களை என் முன் வைத்தார். ஒன்று, ஏழாம் அட்டையைப் பெற்றவர்கள் எல்லோரும் அதைத் திருப்பி அனுப்பக் கோரும் கடிதம், அவரே எழுதியது. மற்றொன்று, இனி இத்தகைய அட்டைகளை எவருக்கும் அனுப்ப மாட்டேன் என்று நான் தர வேண்டிய உறுதிமொழி. தட்டச்சு செய்து, கையெழுத்துக்கு மட்டும் இடம் விட்டிருந்தது.

"போட்டுடுங்கம்மா. கோப்ப மூடிடலாம்."

"நான் செஞ்சது தப்பா சார்?"

"தப்புன்னு நான் சொல்லலையே."

"தப்பில்லாததுக்கு எதுக்கு உறுதிமொழி?"

"மூடணும்லம்மா" என்றார். உண்மையாகவே அவருக்கு வேறு காரணம் இல்லை. பேனாவின் மூடியைக் கழற்றி என் பக்கம் நீட்டினார்.

பேனாவை வாங்கினேன். கையெழுத்துக்கு விட்ட இடத்தில் 'மறுக்கிறேன்' என்று எழுதி, கீழே தேதியும், தேதிக்குப் பக்கத்தில் வெள்ளிக்கிழமை என்றும் எழுதித் திருப்பிக் கொடுத்தேன். அவர் அதை இரண்டு முறை படித்தார். கோபித்துக்கொள்ளவில்லை. "குறிப்பேட்டையாவது குடுங்க, முகவரி வேணும்" என்றார். கொடுத்தேன். அதில் மறைக்க என்ன இருந்தது? முகவரிகளை எடுத்துக்கொண்டு மாலையே திருப்பித் தந்தார்.

அன்று பிற்பகல் என் கட்டத் தாள்களைக் குப்புராசுவிடம் ஒப்படைக்கச் சொன்னார்கள். மழைமானிகளின் பழுது பட்டியல் என் வேலையாயிற்று. பதினான்கு மாதம் நான் ஒரு நிரல்கூட எழுதவில்லை. அலுவலகத்தில், என்று சேர்த்துப் படிக்கவும். வீட்டில் எட்டாவது அட்டையை அந்த ஞாயிற்றுக்கிழமையே தொடங்கினேன்.

கடிதம் பத்துப் பேருக்குப் போயிற்று. பதினோராவது அட்டை போலீசிடம் இருந்தது. குப்புராசு அந்தக் கடிதத்தின் படியைப் படித்துவிட்டு வந்து என் மேசையில் சாய்ந்தான். "யக்கா, வெதப்பூண்ட ஊருக்கெல்லாம் குடுத்துட்டு, ரெண்டு மாசம் கழிச்சுப் போயி அந்தப் பல்ல எடுத்துக் குடுங்கன்னு கேட்டா என்ன சொல்லுவான்? காட்ட வந்து பாருன்னு சொல்லுவான்."

சூப்பிரண்டு எதையும் அரைகுறையாகச் செய்கிறவர் இல்லை என்றேன். கடிதத்தில் அவர் இப்படி எழுதியிருந்தார்: 'மேற்படி அட்டையையும், அதன் நகல்கள் ஏதேனும் இருப்பின் அவற்றையும் தவறாது அனுப்பிவைக்கவும்.'

அனுப்பிவைத்தார்கள். சென்னை அட்டைகள் ஒவ்வொன்றாக வந்தன. மதுரை விரிவுரையாளர் அட்டையோடு மாணவர்கள் எடுத்த இரண்டு நகல்களையும் அனுப்பினார். பழனி வாத்தியாரிடமிருந்து ஒரு பெரிய உறை வந்தது. இயந்திரம் இல்லாத அவர் வகுப்பையே இயந்திரமாக்கி, ஒரு வரிசைக்கு ஒரு வரி என்று கொடுத்து ஓட்டியிருந்தார். என் அட்டையும், பிள்ளைகள் எழுதிய ஐந்து நகல்களும் உள்ளே இருந்தன. ஒரு நகலில் ஓரத்து எண்களுக்குக் கீழே மயில் வரைந்திருந்தது. மிச்ச நகல்களை வீட்டுக்குக் கொண்டுபோன பிள்ளைகள் திருப்பித் தர மறுக்கிறார்கள், மன்னிக்கவும் என்று வாத்தியார் எழுதியிருந்தார்.

கடைசியாகக் காவல் நிலையத்து உறை வந்தது. சூப்பிரண்டு எண்ணத் தொடங்கினார். எண்ணி முடித்து, மறுபடி எண்ணினார். பிறகு என்னையும் குப்புராசுவையும் கூப்பிட்டு, எங்கள் வழக்கப்படி ஒருவர் படிக்க ஒருவர் சரிபார்க்கச் சொன்னார். குப்புராசு முகத்தை ரொம்ப யோக்கியமாக வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் படித்தான்.

அனுப்பியது பதினொன்று. திரும்பி வந்தது பத்தொன்பது.

"குறையறதுக்குக் காரணம் எழுதலாம்" என்றார் சூப்பிரண்டு. "கூடினா என்னம்மா எழுதறது?"

"விளைச்சல்னு எழுதுங்க சார்" என்றான் குப்புராசு.

பச்சை மைக் கோடு விழவில்லை. அந்தக் கோப்பு அவர் மேசையின் இடது மூலையில், நாடா கட்டாமல், அவர் ஓய்வுபெற்ற 1969 வரை கிடந்தது. உறுதிமொழியை அவர் என்னிடம் மறுபடி கேட்கவில்லை.

பத்தொன்பதில் ஒன்றைப் பற்றி மட்டும் இன்னும் சொல்லவில்லை. காவல் நிலையத்து உறையில் இரண்டு தாள்கள் இருந்தன. ஒன்று முத்திரை குத்திய என் அட்டை. மற்றொன்று கோடுபோட்ட தாளில், ஊதா பென்சிலில் எடுத்த நகல். கையெழுத்து எனக்குத் தெரிந்ததுதான். அந்தக் கையால் 38, 31, 24 என்று எழுதுவதை எதிரில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். வரிகள் எல்லாம் சரியாக இருந்தன. அடியில் என் அட்டையில் இல்லாத ஒரு வரி கூடியிருந்தது: 'விடியும் முன் பிறந்தவர்க்குச் சாதகத்தில் முந்தின கிழமை இருக்கும். கணக்கு சரியே.' பெயர் எழுதவில்லை.

அன்றே அந்த வரியோடு ஏழாம் அட்டையைப் புதிதாகப் பதினொரு படி எழுதினேன். லீப் ஆண்டின் முதல் இரண்டு மாதங்களுக்கு ஒன்றைக் குறைக்க வேண்டும் என்பது பழைய ஏழாம் அட்டையிலேயே இருந்தது, அது அப்படியே இருந்தது. திங்கட்கிழமை காலை ஏரிக்கரைத் தபால் பெட்டியில் போட்டுவிட்டு அலுவலகத்துக்குப் போனேன்.

சுற்றறிக்கையோடு வந்த இருவருக்கும் நான் தரக்கூடிய பதில் இதுதான். கட்டுரையில் கணக்கு முழுதும் இருக்கிறது. உங்கள் பிறந்த தேதியில் ஓட்டிப் பாருங்கள். சரியாக வந்தால் நாலு பேருக்கு எழுதி அனுப்புங்கள். யாராவது அதைத் திருப்பிக் கேட்டால் தயங்காமல் கொடுங்கள், கேட்டதைவிடக் கூடுதலாக.